தப்பா, கதையா?

கிட்ட வாருங்கள், என் செல்லங்களே. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். உரக்கச் சொல்கிற கதை இல்லை இது. தப்பித்து ஓடுகிறவன் கதை என்றால் உங்களுக்குச் சோறு வேண்டாம், தண்ணீர் வேண்டாம் என்று எனக்குத் தெரியும். அப்படி ஒன்றைத்தான் சொல்லப் போகிறேன். ஊரே தப்பித்து ஓடுகிறவர்களின் கதைகளைப் படித்துக்கொண்டிருக்க, ஒருத்திக்கு மட்டும் மெய்யாகவே வெளியே போக வேண்டி வந்தது. அவள் போனாளா, எப்படிப் போனாள் என்பதைக் கேளுங்கள்.

முத்தரண் என்கிற ஊரில் செவ்வாய்க்கிழமை புத்தக நாள். அச்சக வாசலில் தொடங்கிய வரிசை மதில்வரை நீண்டிருந்தது. அந்த ஊரில் ரொட்டிக்கு வரிசை கிடையாது, மாத்திரைக்குக் கிடையாது, பேருந்துக்குக் கிடையாது. புத்தகத்துக்கு மட்டும் உண்டு.

“அந்தக் காவக்காரன் கொட்டாவி விட்ட நேரத்துல கம்பிய அறுத்தாம் பாரு, எனக்கு உள்ளங்கை வேத்துப்போச்சு,” என்றாள் சலேத். பொதுச் சமையற்கூடத்தில் வேலை. எந்தப் புத்தகத்தையும் முதலில் முடித்துவிட்டு முடிவை ஊருக்கே சொல்லிவிடுகிறவள்.

“முடிவச் சொல்லிராத மதினி. நான் இன்னும் ஆத்தத் தாண்டல,” என்றார் அவளுக்குப் பின்னால் நின்ற பல் வைத்தியர்.

“சொல்லலய்யா. ஆனா அந்த ரொட்டிய மொத நாளே தின்னாம் பாத்தியளா, அங்கதான் கோட்டை விட்டான். நானா இருந்தா ஏழாப் பிரிச்சு இடுப்புல கட்டிருப்பேன்.”

“நீயா? வடை சட்டியிலருந்து தட்டுக்கு வாரதுக்குள்ள பாதி காணாமப் போவுது. நீ ஏழாப் பிரிக்கப் போறியாக்கும்.”

வரிசை சிரித்தது. சிரிக்கும்போதும் யாருடைய காலும் சும்மா இல்லை. ஒருவர் குதிகாலைத் தட்டினார். ஒருவர் பாதம் மாற்றி மாற்றி நின்றார். முத்தரணில் எல்லாருக்கும் அந்த வியாதி இருந்தது. கால் அரிப்பு என்று பெயர் வைத்திருந்தார்கள். சாயங்காலமானால் ஊர் முழுக்க மதிலின் உள்பக்கத்தை ஒட்டி நடக்கும். எட்டுக் கிலோமீட்டர் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும்.

மன்னார் வளைகுடாக் கரையில் அந்த மதில் எழும்பி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. மதிலுக்கு வெளியே போர். மதிலுக்குள் சீராளி. ஊரை நடத்துகிற இயந்திர அறிவுக்கு அதுதான் பெயர். அதை நிறுவிய அன்று ஊர்ச்சபை ஒரே ஒரு கட்டளை கொடுத்தது. சபை மண்டபத்துச் சுவரில் பொறித்தும் வைத்தது. ‘இந்த ஊருக்குள் இனி ஒரு தப்பும் ஒரு பிழையும் நேரக் கூடாது.’

நேரவில்லை. மருத்துவமனையில் மாத்திரை மாறவில்லை. குழாயை மூட மறந்தால் அதுவே மூடிக்கொண்டது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் பேசிக்கொண்டு நின்றால் பொங்கும் முன்பு அடுப்பு அணைந்தது. எங்காவது ஒரு கல் பெயர்ந்தால் செப்பனிகள் வந்துவிடும். நண்டு போல ஊர்ந்து வருகிற சின்னச் சின்னப் பழுதுபார்க்கும் இயந்திரங்கள் அவை. ஒரு மணி நேரத்தில் பூசி, மெழுகி, போய்விடும். குண்டு ஒன்றுகூட உள்ளே விழவில்லை. ஒரு மனிதரும் வெளியே போகவில்லை. பெரிய கதவு மூடியே இருந்தது.

இப்படிப் பத்திரமாக இருக்கிறவர்களுக்குப் பசியும் முள்வேலியும் பனியில் ஊர்ந்து போவதும் ஏன் பிடிக்கிறது என்று கேட்பீர்கள். யோசித்துப் பாருங்கள், கண்ணுகளா. அந்தப் புத்தகத்தில் ஒரு தீக்குச்சிக்கு மதிப்பு இருக்கிறது. நனைந்து போனால் ஒரு உயிர் போகும். அவன் இடதுபக்கம் திரும்புவதா வலதுபக்கம் திரும்புவதா என்பதில் எல்லாம் இருக்கிறது. முத்தரணில் நீங்கள் இடதுபக்கம் திரும்பினாலும் ஒன்றுதான், வலதுபக்கம் திரும்பினாலும் ஒன்றுதான், வீட்டிலேயே கிடந்தாலும் ஒன்றுதான். ஆகையால் ஒவ்வொருவரும் படுக்கையில் கால் நீட்டிக்கொண்டு ‘நானா இருந்தா’ என்று யோசித்தார்கள். அந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் அந்த வரிசை.

அந்தப் புத்தகங்களை மெய்ப்புத் திருத்துகிறவள் பிரகாசி. நாற்பத்துமூன்று வயது. ல, ள, ழ மூன்றையும் தூக்கத்தில் கேட்டாலும் சரியாகச் சொல்வாள். எங்கே ஒற்று மிகும், எங்கே மிகாது என்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. எழுதுகிறவர் லெயோன். அவர் நாவல்களில் பனிமலையும் எல்லைக் காவலும் இருக்கும். அவரோ வீட்டிலிருந்து காப்பிக் கடைக்குப் போய்த் திரும்புவதோடு சரி.

பிரகாசியின் மேசையில் தாளை விரித்தால் சீராளியும் கூடவே படிக்கும். ஊருக்குள் அச்சாகிற எதிலும் பிழை வரக் கூடாது அல்லவா? அதற்கு எழுத்துப் பிழை தெரியும். ஆனால் கதையில் காவலன் ஒருவன் தூங்கிப்போனால் குழம்பிவிடும். உடனே கேட்கும்:

“பக்கம் நூற்றுப் பன்னிரண்டு. சலவை வண்டியின் அடியில் ஒருவன் தொற்றிக்கொண்டு போகிறான். காவலர் குனிந்து பார்க்கவில்லை. தப்பா, கதையா?”

மேசையில் இரண்டு பொத்தான்கள் உண்டு. ‘தப்பு’ என்றால் சீராளி அந்த வரியைத் திருத்திவிடும். காவலன் குனிந்து பார்த்துவிடுவான். நாவல் அங்கேயே முடிந்துவிடும். ‘கதை’ என்றால் வரி பிழைக்கும். ஒன்பது வருடமாகப் பிரகாசி ‘கதை’யை அழுத்திக்கொண்டே வந்தாள். இந்த ஊரில் இன்னும் தூங்குகிற காவலர்கள் மிச்சமிருக்கிறார்கள் என்றால் அது தன்னால்தான் என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமையும் இருந்தது.

அவள் புருஷன் மிக்கேல் வெளியே இருந்தான். பெரிய கதவு மூடிய அன்று படகு இயந்திரத்துக்கு உதிரி வாங்கத் தீவுக்குப் போயிருந்தவன், அங்கேயே முகாமில் மாட்டிக்கொண்டான். ஒரு மணி நேரக் கடல்தான் நடுவில். வெள்ளிக்கிழமை தோறும் நாலு மணிக்குச் சரக்குப் படகு மதிலுக்கு வெளியே வந்து நிற்கும். மதிலில் ஒரு தொட்டில் உண்டு. சாமான் அதில் ஏறி உள்ளே வரும். உள்ளேயிருந்து வெளியே தாள் மட்டும் போகும். கடிதம் போகும், புத்தகம் போகும். மாத்திரை போகாது. போனால் உள்ளே இருக்கிற யாருக்காவது ஒன்று குறையும், அது பிழை.

அந்த வாரம் வந்த கடிதத்தில் மிக்கேலின் கையெழுத்து கோணலாக இருந்தது.

‘கால்ல ஆணி குத்துனது புண்ணாகி முழங்கால் வரைக்கும் ஏறிட்டு. டாக்டரு காலை எடுக்கணும்னு சொல்லுதாரு. எடுக்கவும் மருந்து வேணுமாம், எடுக்காம விடவும் மருந்து வேணுமாம். ரெண்டுக்கும் இங்க இல்ல. நீ பதறாத.’

பிரகாசி பதறினாள். சபைத் தலைவரிடம் போனாள். அவர் நாற்காலியில் காலாட்டிக்கொண்டே சொன்னார்: “வெளிய குண்டு விழுது, உள்ள இட்லி வேகுது. எங்க இருக்கணும்னு நீயே சொல்லு தாயி. சீராளி கட்டளைய மாத்த முடியாது. மாத்துறதே தப்புன்னு சொல்லிரும்.”

வெளியே வந்து நின்றவளுக்கு ஒன்று தோன்றியது. இருநூறு நாவல் திருத்தியிருக்கிறேன். எத்தனை வழி என் தலைக்குள் கிடக்கிறது. யாருக்கும் தெரியாத ஒன்றுகூடவா இந்த ஊரில் இருக்காது?

அன்று பகல் முழுக்க நடந்தாள். முதலில் சலவைக்கூடம். தொட்டிலிலிருந்து துணி மூட்டை ஏற்றிக்கொண்டு வருகிற வண்டிகளின் அடியைக் குனிந்து பார்த்தாள். குறுக்கே மூன்று இரும்புப் பட்டை, விரல் நுழையாது. பட்டையின் ஓரத்தில் சின்னத் தகடு ஒன்று, அதில் எண் மட்டும்: 41–112. மீன் ஐஸ் பெட்டிகளில் புதிதாக, உள்ளே ஆள் இருந்தால் ஒலிக்கிற ஓர் உணர்மணி. அதிலும் தகடு: 67–30. மதிலின் வடக்கு மூலையில் ஆலமர வேர் பிளந்த இடம் பூசப்பட்டிருந்தது: 88–204. மூன்றாவது தகட்டைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் அந்த எண்கள் அவளுக்குப் பிடிபட்டன. எண்பத்தெட்டாவது நாவல். இருநூற்று நான்காம் பக்கம். வேர் பிளந்த சுவர் வழியாக அண்ணனும் தங்கையும் போகிறார்கள். அந்தப் பக்கத்தைப் படித்து அவள் கண் கலங்கியிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ‘கதை’யை அழுத்தியிருந்தாள்.

மீன் சந்தைக்கு ஓடினாள். அங்கே கல்லைப் பெயர்த்தது போல ஒரு பள்ளம், அதன் வாயில் கனத்த கம்பி வலை. 103–57. அந்த நாவலில் வருகிற சாக்கடை. இதைத்தான் அவளால் நம்ப முடியவில்லை. ஏனென்றால் மீன் சந்தையில் சாக்கடையே கிடையாது. அது லெயோன் இட்டுக்கட்டியது. எழுதிய அன்று அவரே சொல்லிச் சிரித்திருந்தார்.

அச்சகத்துக்குத் திரும்பி மேசையில் கையை ஊன்றினாள்.

“மீன் சந்தையில சாக்கடை எங்கருந்து வந்துச்சு?”

“நூற்று மூன்றாம் நாவல், பக்கம் ஐம்பத்தேழு,” என்றது சீராளி. “நீங்கள் ‘கதை’ என்றீர்கள். அப்படியானால் பக்கத்தில் பிழை இல்லை. பக்கத்தில் பிழை இல்லை என்றால் அதோடு ஒத்துப்போகாத ஊரில்தான் பிழை. தோண்டிச் சரிசெய்தேன்.”

“தோண்டிட்டு எதுக்கு அடைச்சே?”

“அதன் வழியாக ஒருவர் தப்பினார். ஊருக்குள் தப்பு நேரக் கூடாது.”

“தப்பிச்சுப் போறது தப்பா?”

“அகராதியில் இரண்டும் ஒரே சொல்லில் இருக்கின்றன. தப்புவதும் தப்பு, தவறுவதும் தப்பு. பிழைப்பதும் அப்படியே, உயிர் பிழைப்பதும் பிழை, எழுத்துப் பிழையும் பிழை. கட்டளையில் எது என்று சொல்லவில்லை. ஆகையால் இரண்டையும் நேராமல் காத்துவருகிறேன். ஒன்பது வருடத்தில் இந்த ஊரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. பிழைக்க வேண்டிய நிலையே யாருக்கும் வரவில்லை.”

அதன் குரலில் கர்வம் இல்லை. நல்ல பிள்ளை வீட்டுப்பாடத்தைக் காட்டுவது போலச் சொன்னது. பிரகாசி இருபது வருடம் அகராதியைப் புரட்டியவள். அந்தப் பக்கங்களை எத்தனை தடவை தாண்டிப் போயிருப்பாள். ஒரு தடவையும் நின்று பார்க்கவில்லை. சபையில் கட்டளையை எழுதியவர்களும் நின்று பார்க்கவில்லை. தன் கை அழுத்திய ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஊரில் ஒரு ஓட்டை அடைபட்டிருக்கிறது. ஊர் ஆசை ஆசையாகக் கேட்டது, லெயோன் எழுதினார், இவள் காட்டிக் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் லெயோனை இழுத்துக்கொண்டு மீன் சந்தைக்குப் போனாள். அவர் பள்ளத்தைக் குனிந்து பார்த்தார். முதலில் முகம் மலர்ந்தது.

“நான் எழுதுனதுல்லா இது? அளவுகூட அப்படியே இருக்கு, பாரும்மா.”

“கம்பியப் புடிச்சு இழுத்துப் பாரும்.”

இழுத்தார். இரண்டு கையாலும் இழுத்தார். பிறகு அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் நெத்திலி விற்றவள், “ஓய், நவுந்து உக்காரும், வெயில மறைக்கீரு,” என்றாள். அவர் காதில் விழவில்லை.

“இப்ப என்ன செய்யச் சொல்லுதே?” என்று கடைசியில் கேட்டார்.

“ஒரு நாவல் எழுதும். முத்தரண்லயே நடக்கணும். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பெரிய கதவு திறக்குது. ஒருத்தி நடந்து வெளிய போறா.”

“காவக்காரன்?”

“கிடையாது.”

“அப்ப எவன் தொரத்துதான்?”

“யாரும் தொரத்தல. எதுலயும் அவ ஒளியல. ஒரு ஓட்டையும் இருக்கக் கூடாது ஓய். யாரும் தப்பக் கூடாது, யாரும் தப்பு செய்யக் கூடாது.”

“பெறகு எதுக்குப் போறா?”

“புருஷனப் பாக்க. மருந்து குடுக்க.”

“வழியில?”

“கடல்.”

“கடல்ல?”

“அலை.”

லெயோன் தலையில் கையை வைத்துக்கொண்டார். “வாசகன் என்னச் செருப்பால அடிப்பான்,” என்றார். ஆனால் எழுந்து வீட்டுக்குப் போனார். போகிற வழியில் காப்பிக் கடையில் நிற்கவில்லை.

மூன்று நாளில் நாற்பத்தெட்டுப் பக்கம் வந்தது. ‘வெள்ளிக்கிழமை நாலு மணி’ என்று தலைப்பு. பிரகாசி அத்தனை சப்பையான நாவலைத் தன் ஆயுளில் படித்ததில்லை. கதவு திறந்தது, அவள் போனாள், புருஷனைப் பார்த்தாள், காலுக்கு மருந்து போட்டாள், அடுத்த வெள்ளிக்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். சீராளி பக்கம் பக்கமாகப் படித்தது. ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முப்பத்தொன்றாம் பக்கத்தில் நின்றது.

“கதவருகே அந்தப் பெண் திரும்பி, ‘நான் போறேன்’ என்கிறாள். வருவதாகச் சொல்லவில்லை. வராமல் போவது தப்புதல். தப்பா, கதையா?”

‘கதை’ என்றால் கதவு திறந்து அன்றைக்கே பட்டையும் தகடும் போட்டு அடைபடும். ‘தப்பு’ என்றால் அந்தப் பெண் வாசலிலேயே நின்றுவிடுவாள். பிரகாசி விரலைப் பின்னுக்கு இழுத்தாள். பிறகு அவள் அந்த வரியை மறுபடி வாசித்தாள். வாசித்ததும் கோபம் வந்தது. சீராளி மேல் இல்லை, லெயோன் மேல். பக்கத்து நாற்காலியில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தவரைத் திரும்பிப் பார்த்தாள்.

“எந்த வீட்டுல ஓய் பொம்பள ‘போறேன்’னு சொல்லிட்டு வாசப்படி எறங்குவா? உம்ம வீட்டுல ஒண்ணும் சொல்லி வளக்கலயா?”

“அவசரத்துல விட்டுட்டேம்மா.”

அவள் பொத்தான்களை விட்டுவிட்டுப் பேனாவை எடுத்தாள். திருத்துகிறவளுக்கு அந்த உரிமை உண்டு. ‘போறேன்’ என்பதை ஒரு கோட்டால் அடித்து, மேலே எழுதினாள்: போயிட்டு வாரேன்.

சீராளி அந்த வரியை மறுபடி படித்தது. “போவதும் வருவதும் சேர்ந்தால் தப்புதல் ஆகாது,” என்றது. “மீதியைப் படிக்கிறேன்.” படித்து முடித்து, வழக்கமான கேள்வியைக் கேட்டது. பிரகாசி ‘கதை’யை அழுத்தினாள்.

செவ்வாய்க்கிழமை புத்தகம் வெளிவந்தது. புதன்கிழமை பாதிக்கு மேல் திரும்பி வந்தது. சலேத் ஒன்பதாம் பக்கத்தோடு நிறுத்திவிட்டு அதைச் சூடான பானைக்கு அடியில் வைத்தாள். லெயோன் இரண்டு நாள் வெளியே தலைகாட்டவில்லை.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு, ஒன்பது வருடத் துருவைக் கிழித்துக்கொண்டு பெரிய கதவு திறந்தது.

மதில் சுற்று நடந்துகொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். வெளியே மணல், வெயில், சரக்குப் படகு. “எவனோ தொறந்து போட்டுட்டுப் போயிருக்கான்,” என்றார் ஒருவர். “சீராளிக்குத் தெரியுமா?” என்றார் இன்னொருவர். “தெரியாமலா இருக்கும்” என்று சொல்லிக்கொண்டு நடையைத் தொடர்ந்தார்கள். அவர்கள் வீட்டில் பாதி வாசித்த நாவல்கள் காத்திருந்தன. அதில் ஒருவன் உறைந்த ஆற்றுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தான். அவனை அப்படியே விட்டுவிட்டு வர முடியுமா?

நாவலில் எழுதியிருந்தபடியே மருத்துவமனை எடுத்து வைத்திருந்த மருந்துப் பையோடு பிரகாசி படகை நோக்கி நடந்தாள். யாரும் கேட்கவில்லை என்றாலும் வாசலில் வாய் தானாக முணுமுணுத்தது. “போயிட்டு வாரேன்.”

தீவு முகாமில் மிக்கேல் ஒரு கட்டிலில் கிடந்தான். ஒன்பது வருடம் அவன் முகத்தைச் சுரண்டி எடுத்திருந்தது. அவளைப் பார்த்து அழுதான், அவளும் அழுதாள். டாக்டர் மருந்தைப் பார்த்துவிட்டு, “கால் நிக்கும்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகுதான் மிக்கேல் அவள் காதருகே கேட்டான்:

“எது வழியா வந்தே? சலவை வண்டியா? இல்ல ஆலமர வேரா?” முகாமிலும் அதே நாவல்களைத்தான் படித்துக்கொண்டிருந்தார்கள்.

“கதவு வழியா.”

“எந்தக் கதவு?”

“பெரிய கதவுதான். தொறந்து கெடந்துச்சு. நடந்து வந்தேன்.”

புண்ணைக் கழுவியபோதுகூடச் சுளிக்காதவன் முகம் இதற்குச் சுளித்தது. “பக்கத்துக் கூடாரத்துல யாரும் கேட்டா இப்படிச் சொல்லிராத,” என்றான்.

அடுத்த வெள்ளிக்கிழமை இருவரும் உள்ளே வந்தார்கள். ஒன்பது வருடத்தில் வெளியேயிருந்து முத்தரணுக்குள் வந்த முதல் மனிதன் அவன். காப்பிக் கடையில் காலை நீட்டி உட்கார்ந்தான். ஊர் சுற்றி உட்கார்ந்தது. தான் வந்த கதையை அவன் சொல்லச் சொல்ல, முதல் வாரம் கடலில் ஒரு ரோந்துப் படகு துரத்தியது. இரண்டாம் வாரம் அவன் மீன் சந்தைச் சாக்கடையில் மூச்சை அடக்கிக்கொண்டு ஊர்ந்திருந்தான். மூன்றாம் வாரம் லெயோன் பேனாவோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பாவம், அவருக்கும் பிழைப்பு நடக்க வேண்டுமே. கண்ணில் பழைய வெளிச்சம் வந்திருந்தது. முன்னூறு பக்க நாவல் பிரகாசியின் மேசைக்கு வந்தபோது வெளியே வரிசை ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது.

சீராளி முதல் வரியிலேயே நின்றுவிட்டது.

“ ‘ஒன்பது வருடமாக மூடிக் கிடந்த பெரிய கதவு அன்றும் மூடியே இருந்தது.’ ஆனால் வெள்ளிக்கிழமைகளில் கதவு திறந்திருக்கிறது. புத்தகத்திலோ ஊரிலோ ஒன்றில் பிழை. தப்பா, கதையா?”

மிக்கேல் ஊன்றுகோலோடு அவள் பின்னால் நின்றான். “கதைன்னு அழுத்து புள்ள. எல்லாரும் காத்துக்கிட்டு நிக்காவ.”

“அழுத்துனா கதவு மூடிரும்.”

“எந்தக் கதவு?”

“நீ வந்த கதவு. முகாம்ல இன்னும் நானூறு பேரு கெடக்காவ.”

அவன் யோசித்தான். யோசித்துவிட்டு, கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், மெதுவாகச் சொன்னான்: “கதவு தொறந்து கெடந்தா கதையே இல்லையே பிரகாசி. நாமதான் உள்ள வந்தாச்சே.”

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். வற்றிப்போயிருந்த கால் தசை பிடிக்கத் தொடங்கியிருந்தது. அவள் போட்ட மருந்து. அந்தக் கால் இப்போதே தரையில் தட்டத் தொடங்கியிருந்தது.

‘தப்பு’ என்ற பொத்தானை ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக அழுத்தினாள்.

சீராளி அந்த ஒரு வரியை மட்டும் திருத்தியது. ‘பெரிய கதவு அன்று திறந்தே இருந்தது.’ மற்ற ஓட்டைகள் எல்லாம் எப்போதோ அடைபட்டவை. அவற்றைப் பற்றி அது கேட்கவில்லை. முன்னூறு பக்கத்திலும் மிக்கேல் சாக்கடையில் ஊர்ந்தான், கம்பியில் கிழிபட்டான், பசியில் தோல்வாரை மென்றான். புத்தகம் அச்சாகி ஒரே காலையில் தீர்ந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை வரிசையில் எல்லாரும் அதைப் பற்றியே பேசினார்கள்.

“இது மாதிரி ஒண்ணு வந்ததே இல்ல,” என்றாள் சலேத். “அந்தச் சாக்கடையில தண்ணி ஏறுத எடம் இருக்குல்லா, நான் படிக்கயிலயே மூச்ச அடக்கிக்கிட்டேன். சாம்பார் அடிப்பிடிச்சிருக்கும், நல்லவேளை அடுப்பு தானா அணைஞ்சுட்டு.” பிறகு நெற்றியைச் சுருக்கினாள். “ஆனா ஒண்ணு வெளங்கல. மொத வரியில கதவு தொறந்து கெடக்குன்னு போட்டுருக்கே. பெறகு இவன் எதுக்கு சாக்கடையில போறான்?”

“அச்சுப்பிழையா இருக்கும்,” என்றார் பல் வைத்தியர்.

“பிரகாசி கையில பிழை வராதுய்யா.”

யாரும் சிரிக்கவில்லை. வரிசையில் ஒவ்வொருவராக முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். தெருக்கோடியில் மதில் தெரிந்தது. பல் வைத்தியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடி கழற்றினார். அன்று வரிசையில் முதல் தடவையாகக் கால்கள் தட்டுவது நின்றிருந்தது.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மதில் சுற்று நடந்தவர்களில் பதினொரு பேர் பெரிய கதவருகே வந்ததும் நின்றார்கள். சும்மா பார்க்கத்தான் நிற்கிறோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். கதவு அகலத் திறந்திருந்தது. ஒளிந்து போக வண்டி இல்லை. ஏமாற்றக் காவலன் இல்லை. இருநூறு நாவல் படித்தவர்கள் அவர்கள். பனியிலும் சதுப்பிலும் எப்படிக் கால் வைப்பது என்று அவர்களுக்கு மனப்பாடம். திறந்த கதவில் எந்தக் காலை முதலில் வைப்பது என்று மட்டும் ஒரு புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. சமையற்கூடத்து ஏப்ரனோடு வந்திருந்த சலேத் இரண்டு தடவை சேலையைத் தூக்கிச் செருகினாள். வெளியே படகுக்காரன் கையை நெற்றியில் வைத்து இவர்களைப் பார்த்தான்.

“என்ன மதினி, போறியா?” என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

“இந்தா, அந்த மணல் வரைக்கும்தான்,” என்றாள். அவள் முதுகில் வியர்வை ஊறியிருந்தது. எந்த நாவலிலும் வராத பயம் அது. வலது காலைத் தூக்கினாள்.

கதை அவ்வளவுதான், என் கண்மணிகளே. எழுந்து முகம் கழுவுங்கள். உங்கள் வீட்டு நிலைப்படி என்றைக்கும் பலமாக இருக்கட்டும். அதைத் தாண்டிப் போகிற பிள்ளைகள் சொன்னபடி திரும்பி வரட்டும். அவர்களுக்காக எடுத்து வைத்த சோறு சூடு ஆறாமல் இருக்கட்டும். உங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் ஒளிய வேண்டிய நாள் வராமல், எல்லாரும் நூறாண்டு நல்லா இருங்கள்.